எழவு வீட்டில் தூங்கும் கடிகாரம்

"இந்த டெல்டாவுல எமன் எந்த வண்டியில சுத்துறான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நம்பர் பிளேட்டோட சொல்றேன்!"

வந்தவர்கள் சாவு விவகாரம் என்று வாயெடுத்ததுமே, துப்பறியும் இளவழகன் இப்படிச் சொல்லிவிட்டு மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தஞ்சாவூர் கீழவாசலில் விழுந்த அந்தக் குத்தில், பூதலூர் ஸ்டேஷனில் சும்மா நின்றுகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் சிக்னலுக்குக்கூடக் காத்திராமல் புறப்பட்டுவிட்டதாக அவர் இன்றைக்கும் சாதிப்பார். நேரில் பார்த்த சேதாரம் மேசையிலிருந்த டீ டம்ளர் ஒன்றுதான்.

உதவியாளர் ஹுமைரா கொட்டிய டீயைத் துடைத்தாள். ஆறு வருஷமாக அவருடைய டீயைத் துடைத்து அவளுக்குப் பழக்கம்.

"எமனுக்கு எருமைதானே சார் வாகனம்? எருமைக்கு ஏது நம்பர் பிளேட்டு? கால்நடை ஆஸ்பத்திரியில காதுல மஞ்சள் வில்லை குத்துவாங்களே, அந்த நம்பரா?"

எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை. ஹுமைராவுக்குச் சுருக்கென்றது.

இளையவள் தமிழ்நிலா. பெங்களூரில் சிப் வடிவமைக்கும் கம்பெனியில் எஞ்சினியர். மடியில் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா ராசம்மாள். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். அந்தக் குங்குமத்தைப் பற்றித்தான் ஊரே ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது.

ராசம்மாளின் கணவர் பக்கிரி வாத்து மேய்ப்பவர். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துகளை இறக்கி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிற பிழைப்பு. போன வருஷம் கொள்ளிடத்து மணல்திட்டில் பட்டி போட்டிருந்தபோது, மேலணையில் திறந்த தண்ணீர் ராவோடு ராவாக வந்து திட்டையே வழித்துக்கொண்டு போய்விட்டது. வாத்தும் இல்லை, ஆளும் இல்லை. உடம்பு கிடைக்கவே இல்லை.

"உடம்பைக் காட்டுங்க, அழுவுறேன்னு சொல்லிட்டேன்," என்றாள் ராசம்மாள். "பங்காளிங்க கேக்கல. வர்ற வெள்ளிக்கிழமை கருமாதின்னு நாள் குறிச்சுட்டாங்க. என் கழுத்துல கை வைக்க வர்றாங்களாம். வரட்டும். அரிவாள் தீட்டித்தான் வச்சிருக்கேன்."

"அது மட்டும்னா நாங்க இங்க வந்திருக்க மாட்டோம் சார்," என்றாள் தமிழ்நிலா. "போன வாரம் பெரியம்மா தவறிட்டாங்க. பாடி பக்கத்துல உக்காந்திருந்தேன். திடீர்னு என் போன்ல ஒரு மெசேஜ். 'அப்பா தாயத்து அருகில் உள்ளது.'"

கீழவாசல் சத்தம் அத்தனையும் யாரோ கதவைச் சாத்தியது போல நின்றுபோனதாக ஹுமைராவுக்குத் தோன்றியது.

"தாயத்துங்கறது நான் டிசைன் பண்ணின கருவி. சுண்டைக்காய் சைஸ். அப்பா வேற எதையும் மாட்டிக்க மாட்டாருன்னு தாயத்து மாதிரி பிசின்ல வார்த்து, அரைஞாண் கயித்துல நானே கோத்து விட்டேன். சாதாரண ஜிபிஎஸ் கருவி, சாட்டிலைட் சொல்றதை உக்காந்து முழுசாக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் இருக்கற இடத்தைக் கண்டுபிடிக்கும். அதுக்குள்ள பேட்டரி செத்துப்போயிடும். என்னுது கணக்கே போடாது. தூங்கிக்கிட்டே இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிச்சு, கண் சிமிட்டற நேரத்துக்கு வானத்து இரைச்சலைப் புடிச்சு வச்சுக்கும். அப்ப என்ன மணின்னு குறிச்சுக்கிட்டு மறுபடி தூங்கிடும். ஒரே ஒரு பொத்தான் பேட்டரியில ரெண்டு வருஷம் ஓடும். கணக்கை நான் அப்புறமா லேப்டாப்ல போட்டுப்பேன்."

"நம்ம காம்ப்ளெக்ஸ் வாட்ச்மேன் மாதிரி," என்றாள் ஹுமைரா. "என்ன, அவரு மணி குறிக்க மாட்டாரு."

"பக்கத்துல, அதாவது பத்தடிக்குள்ள போனாத்தான் என் போன் அதோட பேசும். பேசுச்சு. ஒரு வருஷத்து ஞாபகத்தையும் இறக்கிட்டேன். கணக்குப் போட்டேன்." அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "அப்பா கடல் மேல நடக்கிறாரு."

லேப்டாப்பில் பூம்புகாருக்குக் கிழக்கே, நீலப் பரப்பில், சிவப்புப் புள்ளிகள் வரிசையாக நின்றன. கப்பல்கூட நின்று யோசிக்கும் தூரத்தில்.

"நான் நம்பல. கருவியோட கடிகாரம் தப்பா இருந்தா இடமும் தப்பா வரும். சாட்டிலைட் ஓடிக்கிட்டே இருக்கற சமாச்சாரம் இல்லையா? கடிகாரம் கொஞ்சம் பின்தங்கினாக்கூட, சாட்டிலைட் இல்லாத இடத்துல இருக்கறதா நெனச்சுக் கணக்குப் போட்டுடுவோம். அதனால மணியையும் தெரியாத ஒண்ணா வச்சு மறுபடி போட்டேன். எல்லாப் புள்ளியும் கரைக்கு வந்துடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று ஹுமைரா மூச்சு விட்டாள்.

"எல்லாம் வீட்டு வாசல் அக்கா. சீர்காழி, கொள்ளிடம், மயிலாடுதுறைப் பக்கம், ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு வாசல். ஒவ்வொண்ணா விசாரிச்சேன். அப்பா போய் நின்ன ஒவ்வொரு வாசல்லயும், அவரு போன அன்னிக்கு ஒரு சாவு."

ஹுமைராவின் கையிலிருந்த துணி நழுவியது. கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, விழுந்த துணியைக் குனிந்து எடுத்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் தமிழ்நிலா. "அந்தக் கடிகாரம் மத்த நாள்லயெல்லாம் ஒழுங்கா ஓடியிருக்கு. எழவு வீட்டுல நிக்கறப்ப மட்டும் மெதுவாகுது. ஒவ்வொரு வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா. என்னமோ அங்க நேரமே ஓட மாட்டேங்கற மாதிரி."

"எல்லா எழவுக்கும் போறாரு," என்று ராசம்மாள் பெருமையும் பயமுமாகச் சொன்னாள். "உசுரோட இருக்கறவருதானே துக்கம் கேக்கப் போவாரு?"

இளவழகன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் யோசித்தால் கரண்ட் பில் ஏறும் என்பது அந்தத் தெருவில் ஐதீகம். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"உங்க கடிகாரத்துக்குள்ள எது ஓடுது?"

"குவார்ட்ஸ் சில்லு சார். எல்லாக் கைக்கடிகாரத்துலயும் இருக்கறதுதான்."

"அது எப்ப மெதுவாகும்?"

"ரொம்பச் சூடானா. இல்ல, ரொம்பக் குளிர்ந்தா."

"சபாஷ்! ஹுமைரா, நம்ம ஊர் எழவு வீட்டுல எல்லாமே கொதிக்கும். வெயில் கொதிக்கும், காப்பி கொதிக்கும், பங்காளி கொதிப்பான். ஜில்லுனு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. என்ன?"

ஹுமைரா துள்ளி எழுந்தாள். "ஐஸ் பெட்டி... பொணம் வைக்கிற வாடகைப் பெட்டி சார்!"

"கண்ணாடி மூடி போட்ட பெட்டி. வாசல்ல துணிப் பந்தலுக்குக் கீழ வைப்பாங்க. துணியும் கண்ணாடியும் சாட்டிலைட்டை மறைக்காது. எழவு முடிஞ்சதும் தகரக் கொட்டாய்க்குள்ள தள்ளிடுவாங்க. அங்க வானமே தெரியாது. அந்தத் தாயத்து பெட்டிக்குள்ள கெடக்குது. அது கண்ணைத் திறந்தா அதுக்குத் தெரியற ஒரே வானம் எழவு வீட்டு வானம்தான்! பெரியம்மா வீட்டுக்குப் பெட்டி எங்கேருந்து வந்துச்சு?"

"நன்னிலத்துல எல்லாமே வெளிய போயிருந்துச்சு. சீர்காழியிலேருந்து வரவழைச்சாங்க."

"கிளம்பு வண்டியை!"

ஹுமைராவின் பழைய ஆம்னி அன்றைக்குப் பறந்த பறப்பில், வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் காற்று மாறிவிட்டதென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் ஜன்னலில் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. ராசம்மாள் வழிநெடுகச் சாலையில் தாண்டிப்போன ஒவ்வொரு சைக்கிள்காரனின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹுமைரா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அந்த அம்மாள் பார்க்க வேண்டிய முகங்கள் தப்பிப் போகக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஏன் என்று அவளைக் கேட்டிருந்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று பொய் சொல்லியிருப்பாள்.

சீர்காழியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வெள்ளை வேன். பிரபு என்ற ஆள் ஈரத்துணியால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இளவழகன் நேராக வேனின் பின்பக்கம் போய், பட்டாளத்துக்கு உத்தரவு போடுகிற குரலில் நம்பர் பிளேட்டை வாசித்தார்.

ஹுமைரா குனிந்து பார்த்தாள். "எமனுக்கு எஃப்.சி. முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு சார்."

"யாருங்க நீங்க?" என்றான் பிரபு. "ஆர்டிஓவா? நாளைக்கு எடுத்துடுவேங்க."

பதில் சொல்வதற்குள் தமிழ்நிலாவின் கையிலிருந்த போன் ஒலித்தது. ஒரு சின்ன மணிச் சத்தம். கொட்டகை இருட்டுக்குள் அது தேவைக்கு அதிகமாக நேரம் ஒலித்ததாக ஹுமைரா பிற்பாடு சொன்னாள். 'அப்பா தாயத்து அருகில் உள்ளது.'

தமிழ்நிலா கைகாட்ட, பிரபு பெட்டியின் உள்தட்டைத் தூக்கினான். தட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு விரற்கடை சந்து. தமிழ்நிலா கையை விட்டு இழுத்தாள். கறுத்த கயிறு வந்தது. அதன் நடுவில், பிசினில் வார்த்த சுண்டைக்காய்.

"என்னங்க இது? இத்தனை நாளா இதுக்குள்ளயா?" பிரபு இரண்டடி பின்வாங்கினான்.

"அப்பா இந்தப் பெட்டி தூக்கற வேலைக்குச் சேந்திருக்கலாம்," என்றாள் தமிழ்நிலா வேகமாக. "தூக்கறப்ப அவிழ்ந்து விழுந்திருக்கும். ஏன் இருக்கக் கூடாது?"

"அதானே!" என்றாள் ராசம்மாள்.

இளவழகன் கயிற்றை வாங்கிப் பார்த்தார். ஹுமைராவும் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை, அப்படியே இருந்தது. கயிறு இன்னொரு இடத்தில் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. உயிரோடிருப்பவனின் அரைஞாணை யாரும் அறுப்பதில்லை. அந்த ஊர்ப்பக்கம் அதை அறுக்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான், ஆள் செத்த பிறகு. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். 

"தமிழ்நிலா, கடிகாரம் முதல் முதல்ல எப்ப மெதுவாச்சு?" என்று இளவழகன் மெல்லக் கேட்டார்.

"வெள்ளம் வந்த நாலாம் நாள். முதல் எழவு வீட்டுல."

"அதுக்கு முன்னாடி?"

"சரியா ஓடியிருக்கு. குளிரே படல."

"மத்த வீட்டுக்கெல்லாம் தாயத்து பெட்டியோட போயிருக்கு. அந்த முதல் வீட்டுல மட்டும் தாயத்து வெளியிலேருந்து பெட்டிக்குள்ள வந்திருக்கு." அவர் பிரபு பக்கம் திரும்பினார். "போன வருஷம், வெள்ளத்துக்கு அப்புறம், கொள்ளிடக் கரையில உங்க பெட்டி போன முதல் வீட்டுல யாரு செத்தது?"

பிரபுவின் முகம் அவன் துடைத்த கண்ணாடியைவிட வெளுத்தது. "அந்த வீட்டை மட்டும் கேக்காதீங்க சார்."

"ஏன்?"

"ரெத்தினம்னு பேரு. ஆத்துல போயிட்டாரு. நான்தான் பெட்டி கொண்டுபோனேன். குவைத்துலேருந்து மகன் வர்ற வரைக்கும் வச்சிருந்து, எடுத்து, எரிச்சாச்சு. என் கையால மாலை போட்டேன் சார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மாசங்கழிச்சு அந்தப் பக்கம் போறேன். எதுத்தாப்புல சைக்கிள்ல வர்றாரு. என்னைப் பாத்து, 'என்ன பிரபு, சவாரியா?'ங்கறாரு. அன்னிலேருந்து அந்த ரோட்டுக்கே நான் போறதில்ல."

கொள்ளிடக் கரையோரம் அந்த வீடு ஒரு தென்னந்தோப்பின் கடைசியில் இருந்தது. பொழுது சாய்ந்திருக்கவில்லை, ஆனாலும் தோப்புக்குள் ஒரு சாயங்காலம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. திண்ணைச் சுவரில் ஒரு படம் சாத்தியிருந்தது. மாலை போட்டுப் போட்டுச் சட்டத்தில் நார் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்த ஆளுக்கு அந்தப் படத்திலிருந்த அதே முகம், அதே மீசை.

ஹுமைரா தூணைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே... நீங்க வீட்டுக்காரரா, செத்தவரா?"

"ரெண்டும்தான்மா," என்றார் அவர் சோர்வாக. "உள்ள வாங்க."

ரெத்தினத்தின் மனைவி பூவம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாயத்தைப் பார்த்ததும் சொம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே பேசினாள். இத்தனை நாளும் யாராவது வந்து கேட்கட்டும் என்றே காத்திருந்தவள் போல.

"வெள்ளம் வந்த ராத்திரி எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. இந்த மனுசன் கோவிச்சுக்கிட்டுப் போனைத் தூக்கி என் மேல வீசிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. நான் ஆத்துல விழுந்துட்டாருன்னு நெனச்சுட்டேன். மூணாம் நாள் கரையில ஒரு உடம்பு ஒதுங்குச்சு. முகம் முகமாவே இல்ல. அதே வயசு, அதே உடம்புவாகு. நான் போய்ப் பாத்து, இவருதான்னு அடையாளம் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். பெட்டியில வைக்கிறப்ப அரைஞாணை அறுத்தவன் கண்ணை மூடிக்கிட்டு அறுத்தான். கயிறு எங்க விழுந்துச்சுன்னு யாரும் பாக்கல."

"நான் திரும்பி வந்தா, என் படத்துக்கு முன்னாடி விளக்கு எரியுது," என்றார் ரெத்தினம். "வெளிய சொன்னா கேஸாகும்னு பயந்து ஊரே வாயை மூடிக்கிச்சு. இவ பொட்டழிச்சு, தாலி அறுத்து... மறுபடி நான் கட்டினேன். அம்பது வயசுல."

இளவழகன் அந்தச் சமயத்தில் வெற்றிக் களிப்பில் தொடை தட்டியிருக்க வேண்டும். எல்லா வழக்கிலும் தட்டுவார். அன்றைக்குத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராசம்மாள் மட்டும் அசையவில்லை.

"அது அவரு இல்ல," என்றாள். "கயிறு ஆத்துல அறுந்து எவன் மேலயாவது சுத்தியிருக்கும். நீ உம்புருஷன்னு சொன்னே. உம்புருஷன் இங்க நிக்கிறாரு. நாளைக்கு எம்புருஷனும் இப்படி வந்து நிப்பாரு. திருப்பூர்ல இருக்காரோ என்னவோ."

"அம்மா..." என்றாள் தமிழ்நிலா.

"நீ சும்மா இருடி. உன் மிஷின் கடல்ல நடக்கிறாருன்னுதான் மொதல்ல சொல்லுச்சு."

 ஹுமைரா அந்த அம்மாளின் தோளில் கை வைத்தாள். தோள் கல் மாதிரி இருந்தது.

பூவம்மாள் கிட்டே வந்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். தூக்கிட்டுப் போறப்ப ஆத்துலேருந்து வாத்துங்க ஏறி வந்துச்சு. ஒரு இருபது இருக்கும். விரட்ட விரட்டப் பாடைக்குப் பின்னாலயே வருதுங்க. சுடுகாட்டுல எரிஞ்சு முடியற வரைக்கும் தள்ளி நின்னுச்சுங்க. எங்க வீட்டுல வாத்தே வளத்ததில்ல. அப்பவே, இது யாரோ வேற பொம்பளையோட ஆளு போலன்னு மனசு சொல்லுச்சு. ஆனா அழுகையை நிறுத்த முடியல."

"வாத்து எங்க?" என்றாள் ராசம்மாள்.

"கொல்லைக் குட்டையில. விக்க மனசு வரல. யாரு கூப்பிட்டாலும் வராதுங்க. பசிச்சாத்தான் வரும்."

கொல்லையில் பாசி படிந்த குட்டை. நடுவில் வாத்துகள் தலையை இறக்கைக்குள் செருகி மிதந்தன. ராசம்மாள் கரையில் போய் நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நாக்கை அண்ணத்தில் வைத்து நாலு சொடுக்குப் போட்டு, அதன் வாலில் நீளமாக ஒரு குரல் இழுத்தாள். பெண் குரல் மாதிரியே இல்லை அது. வயல்வெளியில் தூரத்திலிருந்து ஒரு ஆள் கூப்பிடுகிற குரல். "அப்பா கூப்பிடற மாதிரியே..." என்றாள் தமிழ்நிலா. 

குட்டையில் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

நீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. கரையேறின. வரிசையாக, அவசரமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ராசம்மாளிடம் ஓடிவந்தன. அவளிடம் நிற்கவில்லை. அவள் புடவையை உரசிக்கொண்டு இரண்டு பக்கமும் கடந்து போயின. கொல்லை வேலிப் படல் வரைக்கும் போய், அங்கே கூட்டமாக நின்று, கழுத்தை நீட்டி வெறும் சாலையைப் பார்த்தன. கூப்பிட்ட ஆளைத் தேடுகிற மாதிரி.

சாலையில் யாரும் இல்லை. வாத்துகள் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

ராசம்மாளும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஈர மண்ணில் உட்கார்ந்தாள். பூவம்மாள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா அழுதியாம்மா நீ?" என்று கேட்டாள் ராசம்மாள்.

"நெஞ்சு வெடிக்க அழுதேன் அக்கா. எம்புருஷன்னு நெனச்சுத்தானே அழுதேன்."

"குளிப்பாட்டினீங்களா?"

"மகன் குளிப்பாட்டினான். புது வேட்டி கட்டித்தான் அனுப்பினோம்."

ராசம்மாள் மெதுவாகத் தலையாட்டினாள். படலுக்கு அருகே ஒரு வாத்து குரல் கொடுத்தது, அடங்கியது.

"அவருதான்," என்றாள். "போயிட்டாரு."